ஒன்று அடிக்கும், ஒன்று அடிக்காது: ஃபிளாஷ் கோளாறைத் தேடிப் பிடிக்க

மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கல்யாணப் படம் எடுக்கிற நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "ரிசப்ஷன் முழுக்க ஒழுங்கா அடிச்ச ஃபிளாஷ், கெட்டிமேளம்னு சொன்னதும் காலை வாரிடுச்சு."

ராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சில நொடிகளில் மூன்று காரியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. முதலாவது, ஷட்டரில் வைத்த விரலை எடுக்காமல் பர்ஸ்ட்டில், அதாவது படபடவென்று தொடர்ந்து படம் விழும்படி, அழுத்துகிறோம். இரண்டாவது, மண்டபத்தின் உயரமான கூரையில் வெளிச்சத்தை மோதவிட்டுத் திருப்புவதால் (பவுன்ஸ்) ஃபிளாஷ் ஏறக்குறைய முழு பவரில் ஓடுகிறது. மூன்றாவது, மாப்பிள்ளை வீட்டு ஃபோட்டோகிராபரும் கேமரா வைத்திருக்கும் சித்தப்பாவும் அதே நேரத்தில் தங்கள் ஃபிளாஷை அடிக்கிறார்கள். நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்தபோது தெரியாமல் இருந்த பலவீனமெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

அதனால் "ஏன் அடிக்கவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "எப்போது அடிக்கவில்லை" என்று பாருங்கள். மூன்று நான்கு படம் தொடர்ந்து எடுத்தபின் விட்டுப்போய், கொஞ்சம் பொறுத்தால் மறுபடி அடிக்கிறதா? கரண்ட் போதவில்லை. ஃபிளாஷைக் கையால் லேசாக அழுத்தினால் அடிக்கிறதா? ஹாட் ஷூவில், அதாவது கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், தொடுகை சரியில்லை. கேமரா மேல் இருக்கும்போது ஒழுங்காகவும் ஸ்டாண்டில் வைத்தால் மட்டும் தாறுமாறாகவும் அடிக்கிறதா? தூரத்து ஃபிளாஷை ரேடியோவில் அடிக்க வைக்கும் ட்ரிக்கர் பக்கம் போங்கள். ஒரு கேமராவில் ஒருமுறைகூட அடிக்கவில்லை, இன்னொன்றில் பிரச்சினையே இல்லை என்றால் ஃபிளாஷை விட்டுவிட்டுக் கேமராவின் மெனுவைத் திறங்கள்.

முதலில் பிரித்துப் பாருங்கள்

இதற்கு அரை மணி நேரமும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். அன்றே முழுதாகச் சார்ஜ் ஏற்றிய செல்களைப் போடுங்கள். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, மேனுவலில் 1/16 பவர் வைத்து, டெஸ்ட் பட்டனை 5 நொடிக்கு ஒருமுறையாக 20 முறை அழுத்துங்கள். அடுத்து 1/1, அதாவது முழு பவரில், ஃபிளாஷ் தயார் என்று காட்டும் ரெடி லைட் வந்தபின் இரண்டு நொடி பொறுத்து, 10 முறை. எத்தனை தவறியது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் பட்டனுக்கும் ஹாட் ஷூவுக்கும் சம்பந்தம் இல்லை. இங்கேயே தவறினால் செல், செல் பெட்டி, ஃபிளாஷின் உள்பாகம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். தவறாவிட்டால் கேமராவில் ஏற்றுங்கள். கேமரா எம் மோடில், ஷட்டர் 1/125, மெக்கானிக்கல் ஷட்டர், ஃபிளாஷ் மேனுவல் 1/16. ஒவ்வொன்றாக 20 படம். பிறகு ஃபிளாஷின் அடிப்பாகத்தை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டு இன்னொரு 20. கடைசியில்தான் ட்ரிக்கர். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். செல்லையும் ட்ரிக்கரையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று கிளம்புகிறவர்களுக்கு அடுத்த முகூர்த்தத்தில் அதே கதை.

கேமராவா ஃபிளாஷா என்று இன்னும் சந்தேகமிருந்தால் ஒரு ஜெம் கிளிப் தீர்த்துவைக்கும். ஃபிளாஷைக் கழற்றி ஆன் செய்து, குறைந்த பவரில் வைத்து, ரெடி லைட் வந்ததும், கிளிப்பை யு வடிவில் வளைத்து, அடியில் உள்ள நடு முனையையும் பக்கவாட்டு உலோகத்தையும் சேர்த்துத் தொடுங்கள். உடனே அடிக்க வேண்டும். கேமரா செய்கிற வேலையும் இதுதான், நடு முனையைத் தரையோடு (கிரவுண்டு) இணைப்பது. இந்தச் சோதனை இன்றைய ஃபிளாஷ்களுக்கு மட்டும். அப்பா காலத்துப் பழைய ஃபிளாஷில் செய்யாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

செல்தான் முதல் சந்தேக ஆசாமி

நான்கு ஏஏ செல் போடும் ஃபிளாஷின் உள்ளே நடப்பதைக் கணக்காகப் பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெபாசிட்டர் 1,400 மைக்ரோஃபாரட் என்றும், அது 330 வோல்ட் வரை ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதில் சேரும் ஆற்றல் ஏறக்குறைய 76 ஜூல். அதை 3 நொடியில் நிரப்ப 25 வாட் வேண்டும். நான்கு ரீசார்ஜபிள் செல் சேர்ந்து தருவது 4.8 வோல்ட். அப்படியானால் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. வழியில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் அதிகம். டிவி ரிமோட்டில் ஒரு வருஷம் ஓடுகிற செல் இந்த இழுப்பைத் தாங்குமா?

அல்கலைன் செல்லில் 1.5 வோல்ட் என்று போட்டிருக்கும். ஆனால் அதன் உள்தடை அதிகம். பெரிய கரண்ட் இழுத்தால் வோல்ட் சரிந்துவிடும். முதல் இருபது படத்துக்கு நன்றாக அடித்துவிட்டு, பிறகு ரெடி லைட் வர 6 நொடி, 10 நொடி என்று இழுக்க ஆரம்பிக்கும். பெட்டிக்கடையில் 'ஹெவி டியூட்டி' என்று எழுதி விற்கிற கார்பன் செல் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, பெயரை நம்ப வேண்டாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான், ஆனால் இழுத்தாலும் அசராது. எனிலூப் என்ற பிராண்டில் வெள்ளைச் செல்லின் கொள்ளளவு 2,000 எம்ஏஎச். வைத்திருந்தாலும் சார்ஜ் அவ்வளவு சீக்கிரம் வடியாது. செல்லில் எழுதியிருக்கும் எம்ஏஎச் எண் பெரிதாக இருக்கிறதே என்று பெயர் தெரியாத 3,000ஐ வாங்குவதைவிட இது மேல்.

யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல்களிலும் எச்சரிக்கை தேவை. உள்ளே ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கிறது. அது தரக்கூடிய கரண்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் செல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கடைசிவரை 1.5 வோல்ட் காட்டிவிட்டுச் சட்டென்று சாய்வதால் முன்னறிவிப்பும் கிடைக்காது. ஏஏ அளவிலேயே வரும் 14500 என்ற 3.7 வோல்ட் செல்லை மறந்தும் போடக்கூடாது. நான்கு சேர்ந்தால் 14.8 வோல்ட், ஃபிளாஷின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

நான்கு செல்லில் ஒன்று மட்டும் கிழடாக இருந்தாலும் மற்ற மூன்றையும் அது கீழே இழுத்துவிடும். கண்டுபிடிக்கும் வழி: முழு பவரில் தொடர்ந்து 10 தடவை அடித்த கையோடு செல்களை வெளியே எடுத்து, மல்ட்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளங்கள். மூன்று செல் 1.25 பக்கத்திலும் ஒன்று 1.05லும் நின்றால் அந்த ஒன்றுதான் ஆசாமி. ஓய்வாகக் கிடந்த செல்லை அளந்து பயனில்லை, செத்த செல்லும் சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக 1.3 காட்டும். செட்டு செட்டாக ஏ, பி, சி என்று மார்க்கரில் எழுதி வைத்து, ஒரு செட்டின் செல்லை இன்னொன்றில் கலக்காமல் பயன்படுத்துங்கள். சார்ஜரிலும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிற வகையையே வாங்குங்கள். ஜோடி ஜோடியாக ஏற்றுகிற மலிவுச் சார்ஜர்தான் பல நல்ல செல்களைக் கெடுத்து வைக்கிறது.

ரெடி லைட்டை முழுதாக நம்ப வேண்டாம். பெரும்பாலான ஃபிளாஷ்களில் கெபாசிட்டர் நிறைவதற்குள், ஏறத்தாழ 80 சதவீதத்திலேயே அது எரிந்துவிடும். எரிந்த கணத்தில் அடித்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். எரிவதற்கு முன் அடித்தால் குறைந்த வெளிச்சமோ வெறும் இருட்டோதான்.

இங்கே செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஓ 200லிருந்து 1600க்கு ஏற்றினால் மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு. முழு பவரில் அடித்துக்கொண்டிருந்த ஃபிளாஷுக்கு இப்போது 1/8 போதும். ஒரு முழுச் சார்ஜில் எட்டு தடவை அடிக்கலாம். கெட்டிமேளத்துக்குப் பர்ஸ்ட் எடுத்தே தீருவேன் என்பவர்கள் இப்படித்தான் எடுக்க வேண்டும். கேமரா நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும், ஃபிளாஷ் முழு பவரில் மூன்று நொடிக்கு ஒன்று. இது கோளாறே அல்ல.

படம் எடுக்கும் கணத்தில் ஃபிளாஷின் திரை அணைந்து மறுபடி வருகிறதா? அது செல் பெட்டியின் தொடுகை. மும்பையின் உப்புக்காற்று ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் மங்கலாக ஒரு படலம் ஏற்றிவிடும். 5 ஆம்பியர் போகிற வழியில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலமே போதும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் நனைத்து, பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். அல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் முதலில் இரண்டு சொட்டு வெள்ளை வினிகர், அது காரத்தை முறிக்கும். பிறகு ஆல்கஹால். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். மூடியின் உள்பக்கத் தகட்டை மறந்துவிடாதீர்கள், பலரும் விடுகிற இடம் அதுதான்.

ஷூவும் அதன் கால்களும்

ஹாட் ஷூவில் நடுவில் இருக்கும் பெரிய முனைதான் 'அடி' என்று சொல்கிறது. மற்ற சின்ன முனைகள் டிடிஎல் பேச்சுவார்த்தைக்கு, அதாவது கேமராவே வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷுக்குச் சொல்வதற்கு. இரு பக்கத் தண்டவாளமும் தரை. நடு முனையைப் பளபளவென்று துடைத்துவிட்டுத் தண்டவாளத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. மின்சாரம் திரும்பிப் போகிற வழி அதுதான். சில கேமராக்களில் தண்டவாளத்தின் கறுப்பு பெயிண்டே தடையாக நிற்கும். ஃபிளாஷைப் பலமுறை ஏற்றி இறக்கினால் உராய்வில் பெயிண்ட் தேய்ந்து சரியாவதும் உண்டு.

துடைப்பதற்கும் அதே ஆல்கஹால். பிடிவாதமான கறைக்குப் பள்ளிக்கூடத்துப் பென்சில் அழிப்பான், லேசான கையோடு. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் துருதான். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை நேராகக் கேமராவில் அடிக்காதீர்கள், பஞ்சில் அடித்துத் தடவுங்கள். கல்யாண வேலையில் குங்குமம், விபூதி, எண்ணெய்க் கை எல்லாம் ஷூவுக்குள் போகும். வேலை முடிந்த அன்றே துடைத்துவிட்டால் நல்லது.

ஃபிளாஷை ஷூவுக்குள் கடைசிவரை தள்ளிய பிறகுதான் பூட்ட வேண்டும். கொஞ்சம் பின்னால் நின்றாலும் நடு முனை தொட்டு, சின்ன முனைகள் சரியாகத் தொடாமல் போகலாம். அப்போது தோன்றும் அறிகுறி விசித்திரமானது: அடிக்கும், ஆனால் ஒவ்வொரு படமும் வெள்ளையாக வெந்துபோய் வரும். அல்லது டிடிஎல்லில் வைத்தது தானாக மேனுவலுக்குத் தாவும்.

ஃபிளாஷ் ஷூவில் ஆடுகிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். கேமரா ஷூவுக்குள் ஃபிளாஷின் காலை அழுத்திப் பிடிக்க ஒரு வளைந்த ஸ்பிரிங் தகடு இருக்கும். அது தளர்ந்திருந்தால் கழற்றி மிகக் கொஞ்சமாக வளைத்துப் போடலாம். அதற்கு அடியில் உள்ள நான்கு திருகுகளும் தளர்ந்திருக்கலாம். ஜப்பான் கேமராக்களின் திருகுத் தலை ஜிஸ் வகை, சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதை வழித்துவிடும். இன்னொரு இடம் ஃபிளாஷின் கால். சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய கேமராவை ஃபிளாஷின் தலையைப் பிடித்துத் தூக்குகிற பழக்கம் இருந்தால் அந்தத் திருகுகள் தளராமல் என்ன செய்யும்?

சோனியின் 2012க்குப் பிந்திய கேமராக்களில் வருகிற மல்ட்டி இன்டர்ஃபேஸ் ஷூ தனி ரகம். முன்விளிம்புக்கு அடியில் வரிசையாகப் பொடி முனைகள் இருக்கும். அங்கே தூசி போனால் ஃபிளாஷைக் கேமரா அடையாளமே காணாது. கோணலாக நுழைத்தால் முனை வளையும். ஷூ மூடியைத் தொலைக்காதீர்கள். தொலைத்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

பழைய ஃபிளாஷ்களின் விஷயம்: அந்தக் காலத்து விவிடார் 283 போன்றவற்றில் சிலவற்றின் நடு முனையில் 200 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். ஜெம் கிளிப் சோதனை வேண்டாம் என்றது இதனால்தான். இன்றைய ஃபிளாஷ்களில் பொதுவாக 5, 6 வோல்ட்தான். பரணிலிருந்து எடுத்ததைக் கேமராவில் ஏற்றுமுன் மல்ட்டிமீட்டரை டிசி 1,000 வோல்ட் அளவில் வைத்து, ரெடி லைட் எரியும்போது நடு முனைக்கும் பக்க உலோகத்துக்கும் இடையே அளந்துவிடுங்கள்.

கேமராவே வேண்டாம் என்கிறபோது

சைலண்ட் அல்லது எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் ஃபிளாஷுக்குக் கட்டளையே அனுப்பாது. அரங்கேற்றத்தில் சத்தம் வேண்டாமென்று மாற்றிவைத்து, மறுநாள் கல்யாணத்தில் மறந்துபோவது அன்றாடம் நடப்பது. கேனான் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவின் சைலண்ட் மோட் 1 அல்லது 2ல் இருந்தால் மற்ற கம்பெனி ஃபிளாஷ் அடிக்காது, அதை டிசேபிள் செய்ய வேண்டும். ஃபிளாஷ் மெனுவில் 'ஃபிளாஷ் ஃபயரிங்' அணைந்திருக்கிறதா, எச்டிஆர் ஓடுகிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் உங்கள் ஷூவைக் குனிந்து பாருங்கள். நடு முனையே கிடையாது. கோடாக்ஸ் டிடி600 மாதிரி ஒரு முனை மட்டும் உள்ள மேனுவல் ஃபிளாஷ் அதன் மேல் ஏறி உட்காரும், அடிக்காது. அது பழுது இல்லை, கேனானின் முடிவு. கேனான் மொழி பேசுகிற, ஃபர்ம்வேர் புதுப்பித்த ஃபிளாஷோ ட்ரிக்கரோ வேண்டும்.

படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுவதை "பாதிதான் அடிக்குது" என்பார்கள். ஃபிளாஷோடு சேர்ந்து ஓடக்கூடிய உச்ச வேகத்தை, 1/200 அல்லது 1/250 என்ற சின்க் வேகத்தை, ஷட்டர் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

ஸ்டாண்டில் வைத்த ஃபிளாஷ்

ட்ரிக்கரில் சேனல், குரூப், ஐடி மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது தூர அமைப்பு. கோடாக்ஸ் ட்ரிக்கர்களில் 1-100 மீட்டர், 0-30 மீட்டர் என்று இரண்டு உண்டு. ஃபிளாஷ் பக்கத்திலேயே, ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தால் 1-100ல் விட்டுவிட்டு அடிக்கும். 0-30க்கு மாற்றினால் சரியாகிவிடும். மண்டபத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வைஃபையும் புளூடூத்தும் மற்றவர்களின் ட்ரிக்கரும் நெரிசலாக இருக்கும். சேனலை மாற்றிப் பாருங்கள். ஃபிளாஷைத் தூணுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், ரேடியோ இருக்கும் பக்கம் உங்களைப் பார்க்கும்படி உடலைத் திருப்பி, பிறகு தலையை வேண்டிய பக்கம் திருப்புங்கள். ட்ரிக்கருக்குள் இருக்கும் இரண்டு செல்லையும் கவனியுங்கள், ஃபிளாஷுக்கு மட்டும் புதுச் செல் போட்டால் போதாது.

இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும் எஸ்1, எஸ்2 என்ற ஒளி ஸ்லேவ் மோடில் வைத்தால் இன்னொரு வம்பு. எஸ்1 யார் ஃபிளாஷ் அடித்தாலும் கூடவே அடிக்கும். ஃபோனின் எல்இடி அதைப் பெரும்பாலும் ஏமாற்றாது. சித்தப்பாவின் கேமரா ஃபிளாஷ் ஏமாற்றும். அவருக்காக அடித்துத் தீர்ந்துபோன நொடியில் நீங்கள் அழுத்துகிறீர்கள், உங்களுக்கு இருட்டு. உங்கள் கேமரா மேலிருப்பது டிடிஎல்லில் இருந்தால் வெளிச்சத்தை அளக்க அது முதலில் அடிக்கும் முன்ஃபிளாஷுக்கே எஸ்1 அடித்துவிடும். முன்ஃபிளாஷை ஒதுக்கத்தான் எஸ்2. கூட்டத்தில் இரண்டுமே வேண்டாம், ரேடியோவே கதி.

அரை மணி நேரம் தொடாமல் விட்டபின் முதல் படம் மட்டும் தவறினால் அது தூக்கம். ஸ்லீப் நேரத்தை நீட்டுங்கள், அல்லது ஷட்டரைப் பாதி அழுத்தி எழுப்பிவிட்டு எடுங்கள்.

சூடும் ஒரு காரணம். பல கோடாக்ஸ் மாடல்களில் முழு பவரில் தொடர்ந்து 30 தடவை அடித்தால் வெப்பப் பாதுகாப்பு வேலைக்கு வந்து, ரீசார்ஜ் இடைவெளியை 10 நொடிக்கு மேல் ஆக்கிவிடும். மே மாதத்து மும்பையில், ஏசி இல்லாத மண்டபத்தில், அந்த நிலையைச் சீக்கிரமே எட்டிவிடலாம். சின்க் வேகத்தைத் தாண்டியும் ஃபிளாஷ் அடிக்கவைக்கும் ஹை ஸ்பீட் சின்க்கில் இன்னும் சீக்கிரம்.

திறக்காதீர்கள்

அணைத்துச் செல்லைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட் கிடக்கலாம். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். வெளியிலிருந்தே சிலவற்றைச் சொல்லிவிடலாம். தலையை மேலே சாய்த்தால் அடிக்காமல், நேராக்கினால் அடித்தால் கழுத்து வழியாகப் போகும் வயர் அறுபடுகிறது. 1/128ல் வைத்தாலும் முழு பவரிலேயே அடித்தால் ஒளியை வெட்டும் ஐஜிபிடி போய்விட்டது. ரெடி லைட் ஒழுங்காக வந்து, அழுத்தினால் 'டிக்' சத்தம் மட்டும் கேட்டு வெளிச்சம் இல்லையென்றால் ஃபிளாஷ் குழாயோ அதைத் தூண்டும் கம்பிச்சுருளோ பழுது. குழாயின் இரு முனையும் கறுத்திருக்கிறதா என்று கண்ணாடி வழியே பார்க்கலாம்.

பல மாதம் அலமாரியில் கிடந்து, எடுத்ததும் மந்தமாக இருந்தால் உடனே ரிப்பேருக்கு ஓட வேண்டாம். கெபாசிட்டருக்குள் இருக்கும் ஆக்ஸைடு படலம் சும்மா கிடந்தால் மெலிந்துவிடும். ஆன் செய்து 15 நிமிஷம் அடிக்காமல் விட்டு, பிறகு முழு பவரில் நிதானமாக 5, 6 தடவை அடியுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால் இந்த நிலையே வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்லை வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஆல்கஹால், கான்டாக்ட் கிளீனர், மல்ட்டிமீட்டர் எல்லாம் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டில் வாங்கலாம். ரிப்பேர் என்றால் சிஎஸ்எம்டி பக்கம் போரா பஜார். போகும்போது கேமரா, ட்ரிக்கர், அந்த ஃபிளாஷில் நீங்கள் போடும் செல் செட், எண்ணிக்கை எழுதிய காகிதம் நான்கையும் கொண்டுபோங்கள். "எப்பவாவது அடிக்காது சார்" என்றால் கடைக்காரர் இரண்டு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கி, நல்லாத்தானே இருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். "தலை நேரா இருந்தா 20க்கு 20, மேலே சாய்ச்சா 20க்கு 11" என்று சொல்லிப் பாருங்கள், எங்கே திறக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். மலிவு மேனுவல் ஃபிளாஷாக இருந்தால் கூலியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய விலையில் பாதியைத் தாண்டினால் அதை உதிரிக்கு வைத்துக்கொண்டு வேறு வாங்குவதே லாபம்.